தேர்தல் நிபந்தனை மட்டும் போதாது
போருக்குப் பின் வரும் அரசை அங்கீகரிக்கச் சுதந்திரமான தேர்தலை நிபந்தனையாக வைத்தால் போதும் என்கிறது கட்டுரை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மேலே ஒரு நண்பர் இதற்கு உதாரணமாகப் போலந்தைக் குறிப்பிட்டிருக்கிறார், சரி. ஆனால் அங்கே நடந்தது தலைகீழ்: தேர்தல் வைப்போம் என்ற வாக்குறுதியை நம்பி அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஆதரவு பெற்ற அரசை 1945 ஜூலையிலேயே அங்கீகரித்துவிட்டன. தேர்தல் நடந்தது 1947 ஜனவரியில், அதுவும் மோசடியோடு. கையிலிருந்த பிடியை முதலிலேயே விட்டால் அப்புறம் எதை வைத்துக் கேட்பது? ஹங்கேரியில் 1945 நவம்பர் தேர்தல் நியாயமாகவே நடந்தது, சிறு விவசாயிகள் கட்சி பாதிக்கு மேல் வாக்கு வாங்கியது, இருந்தும் 1949க்குள் கம்யூனிஸ்டுகளின் ஒரே கட்சி ஆட்சி. இன்னொன்று, யார் வாக்காளர் என்பதை யாரும் கேட்பதில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்குத் தூக்கிய எங்கள் தாத்தா 1947இல் வாக்குப் போட்டவர். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தத்துக்கும் பிறகு, 1952 தேர்தலில் அவருடைய பெயரே பட்டியலில் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், முக்கால்வாசிப் பேருக்கு இதே கதைதான். வெளிநாடுகள் இதற்காக முகம் சுளிக்கவில்லை. ஐ.நா.வில் இலங்கையை 1955 வரை சோவியத் யூனியன் தடுத்து வைத்தது உண்மை, ஆனால் அதன் கேள்வி பிரிட்டனுடன் செய்த பாதுகாப்பு ஒப்பந்தம் பற்றியது, எங்கள் வாக்கு பற்றியது அல்ல. நாடற்றவர்களாக மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தாத்தா அதைப் பார்க்க இருக்கவில்லை.