‘ஷன்ட் வைத்தால் அதோடு முடிந்தது’ என்பது தவறு

குளச்சல், தக்கலை பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஷன்ட் (மூளை நீரை வடிக்க உடலுக்குள் வைக்கும் குழாய்) பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “தலையில் நீர் கோத்த குழந்தைக்கு ஷன்ட் வைத்தால் இரண்டு வருஷத்தில் நீர் வற்றிவிடும். அப்புறம் டாக்டரிடம் போக வேண்டாம்.”

இது சரியல்ல. மூளையைச் சுற்றியுள்ள நீர் வற்றுகிற நீரே இல்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. சுரந்துகொண்டே இருக்கும். ஷன்ட் இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை. வால்வு வைத்த மெல்லிய குழாய் வழியாக, பெரும்பாலும் வயிற்றுக்குள், மிகுந்த நீரை வடித்துவிடுகிறது. அவ்வளவுதான்.

குழாய் என்றால் அடைக்கும். வைத்துப் பத்து வருஷம் கழித்தும் அடைக்கலாம். குழந்தை உயரமாக வளரும்போது குழாய் இழுபட்டு விலகலாம், உடையலாம். கிருமித்தொற்று பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வரும். நீர் அளவுக்கு மீறி வடிந்தாலும் தலைவலிதான், சிலருக்கு ரத்தக்கசிவுகூட. குழந்தைகளுக்கு வைத்த ஷன்ட்களில் ஏறக்குறைய பாதி, இரண்டு வருஷத்துக்குள் பழுதாகிறது. செய்தி சொல்லும் அதே இரண்டு வருஷம்!

விடாத தலைவலி, வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பது: இதில் எது வந்தாலும் ‘பித்தம்’ என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

சந்தேகமா? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள், 104 சுகாதார உதவி எண்ணுக்கும் பேசலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போடுங்கள்.