விதியில் முழுக்கால் உடைக்குத் தடை இல்லை
சீருடற்பயிற்சி (ஜிம்னாஸ்டிக்ஸ்) போட்டிகளில் பெண்கள் கால் தெரியும் லியோடார்டைத்தான் (உடலோடு ஒட்டிய ஒற்றை உடை) அணிய வேண்டும் என்பது அனைத்துலக விதி என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. கணுக்கால்வரை மூடும், உடலோடு ஒட்டிய முழு உடைக்கும் விதிகளில் இடமுண்டு. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜெர்மன் மகளிர் அணியினர் அதை அணிந்தே களமிறங்கினர். உடை இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் வேறு: முழங்கால் மடிகிறதா, இடுப்பு வளைகிறதா என்று பார்த்தே நடுவர்கள் புள்ளிகளைக் குறைக்கிறார்கள், தொளதொளத்த துணியோ கம்பியில் சுழலும்போது கையில் சிக்கி ஆபத்தை விளைவிக்கக்கூடும். கோலாலம்பூரில் பயிற்சி பெறும் என் மகள் முழுக்கால் உடையையே அணிகிறாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு குட்டிக்கரணம் போடும்போது துணி வழுக்குகிறது என்பது மட்டுமே அவளுடைய குறை, அதுவும் நியாயமான குறைதான். நம் மலேசியாவில் உடை ஒரு சிக்கலே இல்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துரைத்த அன்பர், 2015 சிங்கப்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற நம் வீராங்கனை ஃபாரா ஆன் அப்துல் ஹாடி தம் லியோடார்டுக்காக எவ்வளவு விமர்சிக்கப்பட்டார் என்பதை மறந்துவிட்டார் போலும். எங்களுக்குள்ள உண்மையான இடர், சிறுமியர் அளவில் முழுக்கால் உடை இங்குள்ள கடைகளில் எளிதில் கிடைக்காததே. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையற்காரம்மாவிடம் நீச்சலுடைத் துணி கொடுத்துத் தைத்துக்கொள்கிறோம்.