குரூப் தியரியைத் தூக்கிப் போடச் சொன்ன ஐயாவுக்கு

சனிக்கிழமை விழாவில் சிறப்பு விருந்தினர் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். குடியாத்தம் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. "பி.எஸ்சி. மேத்ஸ்ல குரூப், ரிங்னு எதுக்குப் பிள்ளைங்க உயிரை எடுக்கிறீங்க? தூக்கிப் போட்டுட்டு பைத்தான் சொல்லிக் குடுங்க." ஒரே கைதட்டல். (குரூப், ரிங் இரண்டும் அல்ஜீப்ரா பேப்பரில் வருபவை. குரூப் என்றால், எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் அதே கூட்டத்துக்குள்ளேயே இருக்கும், எதைச் செய்தாலும் திருப்பி எடுக்கவும் முடியும் என்ற மாதிரியான செயல்களின் தொகுதி.)

பைத்தான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதைத் தூக்கிவிட்டுத்தான் அதை வைக்க வேண்டுமா?

மேடையிலிருந்து இறங்கி வந்த ஐயா டீ குடித்துவிட்டு கியூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணினார். அட்டையில் கறை பட்டிருந்தாலும் போன் படித்துவிடுகிறதே, எப்படி? 1960-இல் ரீட், சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் கொடுத்த பிழைதிருத்தும் முறை. அந்தக் கணக்கு நடப்பது 256 உறுப்புகள் கொண்ட ஃபைனைட் ஃபீல்டில், அதாவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் அந்த 256-க்குள்ளேயே முடிந்துவிடும் ஓர் அமைப்பில். தூக்கிப் போடச் சொன்ன அதே பேப்பர்!

ஆனால் பயனைச் சொல்லிக் கெஞ்சவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தமிழ் மீடியத்தில் குரூப்புக்குக் 'குலம்' என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பில் சார் "இது என்ன குலம்?" என்று கேட்டதும் கடைசி பெஞ்சு சிரித்தது. கல்லூரியில் கிளைனின் நான்கு உறுப்புக் குலத்தின் அட்டவணையை, எந்த இரண்டைச் சேர்த்தால் எது வரும் என்று காட்டுவதை, மனப்பாடம்தான் பண்ணினேன். அம்மா அப்போது வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார். ஒருநாள் கரண்ட் போன நேரம், ஒரு பெட்டியைச் சும்மா திருப்பிக்கொண்டிருந்தேன். நீளவாக்கில், அகலவாக்கில், உயரவாக்கில் மூன்று அரைச்சுற்று; சும்மா விடுவதையும் சேர்த்தால் நான்கு. எதை இரண்டு தடவை செய்தாலும் பழைய நிலை. ஏதாவது இரண்டை அடுத்தடுத்துச் செய்தால் மூன்றாவது. என் அட்டவணை அப்படியே அம்மாவின் பெட்டியில் இருந்தது! அன்று நான் அழுதது ஐயாவுக்குப் புரியாது.

"சொல்லித் தர்ற விதம் மோசம்" என்பீர்கள். மோசம்தான். குலங்களைப் பற்றிய லக்ராஞ்சி தேற்றத்தைப் பத்து மார்க்குக்காக உருப்போட்டவள் நான். "வேலை கிடைக்குமா?" மற்ற டிகிரிக்கெல்லாம் வாசலில் கார் வந்து நிற்கிறதா? "உனக்கு அது சோறு போடுது, அதான் பேசுற" என்று ஒருவர். அண்ணா, நான் எட்டாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். அதில் குரூப் தியரி இல்லை.

இதே பேச்சை ஐயா ஐஐடியில் போய்ப் பேசுவாரா? அங்கே அது ஆராய்ச்சி. பஸ் பாஸில் வரும் எங்கள் பிள்ளைகளிடம் வந்தால் மட்டும் "இதெல்லாம் உனக்கெதுக்கு". இந்த 'உனக்கெதுக்கு' எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. என் தாத்தாவிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றியே அப்படித்தான் கேட்டார்கள்.

வீடியோவில் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கைதட்டுவது என் சித்தி பையன். அல்ஜீப்ராவில் அவனுக்கு இரண்டு அரியர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வீட்டுக்குத்தானே வருவான், வரட்டும்.