மூணு மாசம்னா எத்தனை மாசம்?

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று சமையலறை அலமாரியில் கை வைத்தேன். டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த பழைய பேப்பரை உருவினால் எண்ணெய்க் கறை, கரப்பான் எச்சம், பருப்பு டப்பா நின்ற வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு செய்தி: ஆறுமுகசாமி ஆணையத்துக்கு மேலும் அவகாசம். ஜெயலலிதா சாவை விசாரிக்கப் போட்ட ஆணையம்தான்.

எந்த வருடத்துப் பேப்பர் என்று பார்க்க நினைத்தேன். தட்டின் அளவுக்கு வெட்டியதில் தேதி இருந்த மேல்பகுதி போய்விட்டிருந்தது. சரி, செய்தியை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று தரையில் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த ஆணையத்துக்கு 14 முறை அவகாசம் கொடுத்தார்கள். இது ஐந்தாவதா, ஒன்பதாவதா, பதிமூன்றாவதா? எல்லா முறையும் அதே செய்தி, அதே வாக்கியம். அப்போது பற்றிக்கொண்டு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2016 செப்டம்பர் 22 இரவு ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். 75 நாள் கழித்து இறந்த செய்தி வருகிறது. இடையில் நமக்குச் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறதா? நலமாக இருக்கிறார், பேசுகிறார், இட்லி சாப்பிட்டார். அடுத்த வருடம் செப்டம்பரில் மதுரைக் கூட்டத்தில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மைக்கைப் பிடித்து, அந்த இட்லிக் கதை பொய், மன்னித்துவிடுங்கள் என்றார். பதவியில் இருக்கும் ஒரு அமைச்சர், மக்களிடம் பொய் சொன்னோம் என்று மேடையிலேயே ஒப்புக்கொள்கிறார். நாம் என்ன செய்தோம்? இட்லி மீம் போட்டோம். நானும்தான் நாலு பேருக்கு அனுப்பினேன்.

அதே மாதம் ஆணையம் வந்தது. மூன்று மாதத்தில் அறிக்கை என்றார்கள். மூன்று மாதம் என்றால் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது 2022 ஆகஸ்ட் 27 அன்று, 59 மாதம் கழித்து. மளிகைக் கடைக்காரரிடம் மூன்று நாளில் தருகிறேன் என்று கடன் சொல்லிவிட்டு 59 நாள் கழித்துப் போய் நின்று பாருங்கள், என்ன மரியாதை கிடைக்கிறதென்று தெரியும்.

இதில் பெரிய கூத்து, 2019 ஏப்ரலில் ஆஸ்பத்திரித் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கியது. இரண்டரை வருடத்துக்கும் மேல் விசாரணையே நடக்கவில்லை. ஆனால் அவகாசம் மட்டும் தவறாமல் நீட்டிக்கப்பட்டது. கடை மூடியிருக்கிறது, போர்டு விளக்கு மட்டும் எரிகிறது. என் அலமாரிப் பேப்பர் அந்தக் காலத்தது என்றுதான் சந்தேகம்.

அப்புறம் ஓ. பன்னீர்செல்வம். 2017 பிப்ரவரியில் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் கண்ணை மூடி உட்கார்ந்து, ஜெயலலிதாவின் தோழி சசிகலாவை எதிர்த்து தர்மயுத்தம் தொடங்கியவர். சாவில் மர்மம் இருக்கிறது, விசாரணை வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். ஆணையம் கூப்பிட்டது, கூப்பிட்டது, கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் போய் உட்கார்ந்தது 2022 மார்ச்சில். போனவர், சசிகலா மீது தனிப்பட்ட முறையில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்றார். ஐயா, அப்படியென்றால் அந்த யுத்தம் யாரோடு?

2022 அக்டோபர் 18. சட்டமன்றத்தில் ஒரே நாளில் இரண்டு அறிக்கைகள். ஒன்று இது. எய்ம்ஸ் மருத்துவர் குழு சிகிச்சை சரியாகத்தான் நடந்தது என்று சொல்லியிருக்க, ஆணையமோ சசிகலா, முன்னாள் அமைச்சர் விஜயபாஸ்கர் உட்பட நாலு பேரை விசாரிக்க வேண்டும் என்றது. இறந்த தேதியே டிசம்பர் 5 இல்லை, 4 என்றது. இன்னொன்று, 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை. துப்பாக்கிச் சூட்டை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி சொன்னது ஞாபகம் இருக்கும். அது உண்மையல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று ஆணையம் எழுதியது. 13 உயிர். ஒரு முதலமைச்சர் சொன்னது பொய் என்று ஒரு முன்னாள் நீதிபதி எழுதித் தருகிறார். ஊரே கொதித்திருக்க வேண்டாமா?

அது செவ்வாய்க்கிழமை. புதன், வியாழன் டிவியில் கத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மெல்போர்னில் பாகிஸ்தானோடு மேட்ச். ஹாரிஸ் ரவூஃப் பந்தில் கோலி அடித்த அந்த இரண்டு சிக்ஸர். திங்கள்கிழமை தீபாவளி. முடிந்தது கதை. ஆறே நாள். ஐந்து வருடம் காத்திருந்து வாங்கிய அறிக்கைக்கு நாம் கொடுத்த ஆயுள் அவ்வளவுதான்.

தாமதத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் பாவம், நல்லவர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எதைப் பற்றி வாய் திறக்க வேண்டியிருக்கிறதோ அதற்கு ஒரு ஆணையம் போடு. கேள்வி கேட்டால் விசாரணை நடந்து வருகிறது என்று சொல். அறிக்கை வந்தாலும் 1952 ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி அது வெறும் பரிந்துரை, அரசு ஏற்றே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கட்சி எதுவானாலும் இந்தச் சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். டெல்லியிலும் இதே கதைதான். பாபர் மசூதி இடிப்புக்கு லிபரான் ஆணையம் போட்டபோது அதற்கும் மூன்று மாதம்தான். 17 வருடம், 48 நீட்டிப்பு. அதைப் பார்த்தால் நம் 14 சுண்டைக்காய்.

நீதிமன்றம் போனால் வேகமா? ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கைப் பாருங்கள். 1991 முதல் 96 வரை சேர்த்த சொத்து, 66 கோடி ரூபாய்க்குக் கணக்கு. 1996இல் புகார், 2014இல் பெங்களூரில் தண்டனை, 2015இல் விடுதலை, 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தண்டனை உறுதி. அப்போது முதல் குற்றவாளி உயிரோடு இல்லை. புகார் கொடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு இறுதித் தீர்ப்பு வந்தபோது கல்யாண வயசு.

மச்சானுக்கு அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "இன்னுமா மாமா இதையே பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று பதில் வந்தது, கூடவே இரண்டு சிரிப்பு பொம்மை. எனக்கு எரிவது இங்கேதான். இழுத்தடித்தவனைப் பார்த்து ஒருத்தரும் இன்னுமா என்று கேட்பதில்லை. ஞாபகம் வைத்திருப்பவன்தான் ஏதோ வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி ஆகிவிட்டான். திட்டலாம் என்று போனை எடுத்தேன். ஆனால் எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? கோலியின் 82 ரன் யோசிக்காமல் வாயில் வருகிறது. அந்த நாலு பேர் யார் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்குள் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள். டப்பாக்கள் எல்லாம் இன்னும் தரையில். "இதோ, இன்னும் அரை மணி நேரத்துல முடிச்சிடறேன்" என்றேன்.

"இது எத்தனாவது அவகாசம்?" என்றாள்.