நெஃப்ரான் படம் மட்டும் போதாது

ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை, பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் இன்னொரு முறை என்று நம் பிள்ளைகள் சிறுநீரகத்தைப் படித்துவிடுகிறார்கள். பௌமானின் கிண்ணம், ஹென்லே வளைவு எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் புரோக்கர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று "கிட்னி ஒண்ணு குடும்மா, கடன் மொத்தமும் அடைஞ்சிடும்" என்று அம்மாவிடம் சொன்னால் என்ன செய்வது? அது எந்தப் பாடத்திலும் இல்லை. வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி மிகையாகத் தோன்றலாம். வடசென்னையில் தோன்றாது.

2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களை எர்ணாவூரில் தற்காலிகக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்தார்கள். தொழில் படுத்துவிட்டது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. அங்கே பல பெண்கள் கிட்னியை விற்றிருந்த விஷயம் 2007 தொடக்கத்தில் செய்தியாக வெளியே வந்தது. பேசிய பணம் பலருக்கு முழுசாகக் கைக்கு வரவில்லை. அதற்கும் முன்பே வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று சொன்ன ஊர் இது. பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் இதேதான் நடந்தது.

திருவொற்றியூரில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடம் வந்தால் கறிக்கடையில் ஆட்டுக் கிட்னி வாங்கி வந்து, நெடுக்குவாக்கில் வெட்டி, தட்டில் வைத்துக் காட்டுவேன். வெளிப்பட்டை கருஞ்சிவப்பாக, உள்ளே கூம்பு கூம்பாக, நடுவில் வெள்ளையாகக் கொழுப்பு. போன முறை ஒரு பையன் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ரெண்டு கீதே மிஸ், ஒண்ணு குட்த்தா இன்னா ஆவும்?"

நல்ல கேள்வி. அதட்டி உட்கார வைக்கிற கேள்வியே இல்லை. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய குழாய்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ரத்தத்திலிருந்து 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே விடுகின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது பருத்து, அதிகமாக உழைத்து ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் பிறந்த பிறகு புது நெஃப்ரான் ஒன்றுகூட முளைக்காது. நல்ல உடம்பு, முழுப் பரிசோதனை, வருடா வருடம் செக்கப் எல்லாம் இருந்தால் ஒரு சிறுநீரகத்தோடு நெடுநாள் வாழலாம். தம்பிக்குக் கொடுத்த அக்கா அப்படித்தான் வாழ்கிறார். விற்ற பெண்ணுக்கு அந்த செக்கப்பை யார் செய்வது? பின்னாளில் சுகரும் பிரஷரும் வந்தால் அவரிடம் இருப்பு ஒன்றுதான்.

பணமாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். ஆய்வு நடந்தபோதும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். மீன் கூடை தூக்கிப் பிழைக்கிறவருக்கு விலாவில் ஒரு வெட்டு என்றால் என்ன அர்த்தம் என்று காசிமேட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். உறவினர் அல்லாதவர் 'அன்பின் பேரில்' கொடுப்பதாகச் சொன்னால் அங்கீகாரக் குழு விசாரிக்க வேண்டும். அந்த அன்பைத்தான் புரோக்கர்கள் ஒத்திகை பார்த்துச் சொல்ல வைத்தார்கள். படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, சரி. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது போட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று ஏற்கிற மருத்துவர் தன் தொழிலின் அடிப்படையையே கைவிடுகிறார் என்பேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை போனாலும் 'வேண்டாம்' என்று சொல்லத் தானம் செய்பவருக்கு உரிமை உண்டு. இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

ஒன்றில் மட்டும் எனக்குச் சட்டத்தோடு உடன்பாடில்லை. பணம் கொடுத்தவர், தரகர், பணம் வாங்கிய ஏழை, மூவரையும் ஒரே பிரிவில் நிறுத்துகிறது. 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 5 முதல் 10 ஆண்டு. ஏமாந்த பெண் போலீஸ் ஸ்டேஷன் படியேறப் பயப்படுவது இதனால்தான். தரகருக்கு அந்தப் பயம்தான் மூலதனம். விற்றவர் முன்வந்து சாட்சி சொன்னால் தண்டனையிலிருந்து பாதுகாப்பு தர வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் எடுக்கிற டீச்சர்கள் இதைப் படித்தால் ஒரு கோரிக்கை: கழிவுநீக்கப் பாடம் முடிந்ததும் ஒரு பீரியட் இதற்கு ஒதுக்குங்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே சட்டம் வந்ததையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். நான் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் நான்கு பக்கம் வரும். இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.