பட்டம் மட்டும் போதாது
பொருள்களை மிக மெல்லிய அடுக்காகப் படியவைக்கும் மென்படலப் பொருளறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவரை வேலை தேடிவரும் என்ற கட்டுரையாசிரியரின் கருத்தை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் விவியன் ஆல்பர்ட்ஸ் குழுவினர் தாமிரம், இண்டியம், காலியம், செலினியம், கந்தகம் ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கிய மென்படலச் சூரிய மின்கலத் தொழில்நுட்பம், முதலில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில்தான் தொழிற்சாலை கண்டது. கண்டுபிடிப்பு ஓரிடத்திலும் வேலை வேறோரிடத்திலும் அமைவது இத்துறையில் புதிதன்று.

ஆய்வகக் கருவியைக் கையாளும் திறன் குறித்துக் கட்டுரை ஒரு வரியும் சொல்லாதது பெருங்குறை. என் மகள் முதுகலை ஆய்வு செய்த காலத்தில், வெற்றிடக் கலத்தில் அயனிகளால் (மின்னேற்ற அணுக்களால்) ஒரு பொருளைத் தாக்கி அதன் அணுக்களைத் தகட்டில் படியவைக்கும் ஸ்பட்டரிங் நடந்துகொண்டிருக்கும்போதே மின்வெட்டு வர, வெற்றிடம் குலைந்து, கண்ணாடித் தகட்டில் பாதி படிந்திருந்த படலம் ஆக்சிஜன் கலந்து வீணாகும்; மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே அவள் சோதனைக்கு நாள் குறிப்பாள். ஆயினும் வெற்றிடத்தை உண்டாக்கும் டர்போ பம்பைப் பழுதுபார்க்கவும், ஹீலியத்தைக் கொண்டு கசிவைக் கண்டறியவும் அவள் கற்றது அந்த நாள்களில்தான், நேர்காணலில் அவளிடம் அதிகம் கேட்கப்பட்டதும் அவற்றைப் பற்றியே.

மேலும், சூரிய மின்கலத்தை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. வெட்டுக்கருவிகளின் மேல் பொன்னிறமாகப் படியும் டைட்டானியம் நைட்ரைடும், மூக்குக்கண்ணாடியின் ஒளியெதிர்ப்புப் பூச்சும் மென்படலங்களே. கேப்டவுன் அருகிலுள்ள ஐதெம்பா அணு ஆய்வகத்தில் அயனிக் கற்றையால் படலத்தின் தடிமனை அளக்கப் பழகும் மாணவருக்கு, அப்பயிற்சி இவ்விரு தொழில்களிலும் உதவும்.