பைலட்டுக்கு எதுக்குய்யா சங்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி கோயிலில் எங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்து. கிடா வெட்டு, கறிச்சோறு எல்லாம் முடிந்து சாயங்காலம் திருநகரில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் பாயை விரித்து உட்கார்ந்தோம். பிள்ளையோட அப்பா, அதாவது என் மருமகன், இங்கே ஒரு தனியார் விமானக் கம்பெனியில் கேப்டன். அவனோடு டெக்சாஸில் ஒரே ஃப்ளையிங் ஸ்கூலில் படித்த விருதுநகர்ப் பையன் அங்கேயே தங்கி, இப்போது ஒரு பெரிய கம்பெனியில் கேப்டன். லீவுக்கு வந்தவன் குடும்பத்தோடு விசேஷத்துக்கும் வந்திருந்தான். நான் அரசு பஸ் டிரைவராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவன். கிளைச் சங்கத்தில் பதினோரு வருஷம் செயலாளர்.

விருதுநகர்ப் பையன் அவனோட சங்கத்துப் பேச்சுவார்த்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் என் மச்சினன் கேட்டான்: "லட்சம் லட்சமா வாங்குறவனுக்கு எதுக்குய்யா சங்கம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அமெரிக்காவில் பைலட்டுகளுக்கு 1926-ல் ரயில்வேக்காரர்களுக்காகப் போட்ட சட்டம்தான். 1936-ல் அதை விமானத்துக்கும் நீட்டினார்கள். அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் காலாவதியே ஆகாது. தேதி வந்தால் திருத்தலாம், அவ்வளவுதான். புதுசு கையெழுத்தாகிற வரைக்கும் பழையதே ஓடும். நினைத்த நேரத்தில் ஸ்டிரைக்கும் போக முடியாது. அதனால் கம்பெனி இழுக்கும், சங்கம் சகிக்கும், வருஷக்கணக்கில் போகும். பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு பஸ்ஸை நிறுத்திய எனக்கு இதைக் கேட்கவே மூச்சு முட்டியது.

பேச்சுவார்த்தைக்கு முன்னால் சங்கம் உறுப்பினர்களிடம் ஒரு சர்வே எடுக்கிறது. கையில் நூறு மார்க். சம்பளம், ஓய்வுக்கால நிதி, ரோஸ்டர் (யாருக்கு எப்போது டூட்டி, எப்போது ஓய்வு என்கிற பட்டியல்), மெடிக்கல், வெளியாள் கம்பெனிக்கு ரூட்டைக் கொடுக்காமல் தடுக்கிற பிரிவு, இதற்கெல்லாம் அந்த நூறைப் பங்கு போட வேண்டும். பையன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான். இன்னும் நிரப்பவில்லை. "ஆறு நாளா யோசிக்கிறேன் மாமா" என்றான்.

அங்கே சண்டை கம்பெனியோடு தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கு ஆள் தொடங்கிவிடுகிறதாம். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் ஓய்வுக்கால நிதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் உண்டு. 2005-ல் யுனைட்டெட் விமான நிறுவனம் திவால் கோர்ட்டில் நின்று பென்ஷன் திட்டத்தையே கைகழுவிவிட்டது. இருபது, முப்பது வருஷம் ஓட்டியவர்களின் பென்ஷன் பாதியானது, சிலருக்கு அதற்கும் கீழே. அதைக் கண்ணால் பார்த்தவன் சம்பள உயர்வுச் சதவீதத்தை நம்ப மாட்டான். இளசுகள் படிப்புக் கடனில் கிடக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம்தான் முதல். இன்னொரு கூட்டம் ரிசர்வில் கிடக்கிறது. ரிசர்வ் என்றால் என்ன என்று கேட்டேன். "கூப்பிட்டா வரணும் மாமா, கூப்பிடலேன்னாலும் அந்த ஊர்லயே காத்துக் கிடக்கணும்." அட, நம்ம ஸ்பேர் டூட்டி! கிளை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது லீவு போட மாட்டானா என்று பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் நானும் இருந்திருக்கிறேன்.

வெளியில் தெரிகிறது சதவீதம் மட்டும்தான். 2023-ல் டெல்டா பைலட்டுகளுக்கு நாலு வருஷத்துக்கு 34 சதவீதம் என்று பேப்பரில் வந்தது. யுனைட்டெட்காரர்கள் 2022-ல் சங்கம் கொண்டுவந்த முதல் ஒப்பந்தத்தை 94 சதவீத ஓட்டில் தூக்கி எறிந்து, அடுத்த வருஷம் 40 சதவீதம் வரைக்கும் வாங்கினார்கள். நம் ஊரில் ஒரு ஒப்பந்தத்தை உறுப்பினரிடம் ஓட்டுக்கு விட்டுப் பார்த்த தலைவர் யார் என்று கேட்டால், நான் உட்பட எல்லோரும் தலையைக் குனிய வேண்டும்.

2018 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? எட்டு நாள் தமிழ்நாடு பூரா பஸ் ஸ்டிரைக். சங்கங்கள் கேட்டது அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கச் சொல்லி. அரசு கொடுத்தது 2.44. பத்தாயிரம் அடிப்படைச் சம்பளம் வாங்கியவனுக்கு மாசம் 1,300 ரூபாய் வித்தியாசம். கடைசியில் ஹைகோர்ட் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராகப் போட்டு வண்டியை எடுக்கச் சொன்னது. அந்த எட்டு நாளும் ஆரப்பாளையம் டீக்கடையில் எங்கள் வாயில் வந்தது அந்த இரண்டு எண்கள்தான். டபுள் டூட்டி பற்றி ஒருத்தன் பேசவில்லை. கோரிக்கைப் பட்டியலில் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கும். நான் மைக்கைப் பிடித்தபோதும் அதைச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

95-ஓ 96-ஓ. திருச்சி ரூட். பகல் டூட்டி பார்த்துவிட்டு, மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று ராத்திரி வண்டியையும் நானாகக் கேட்டு வாங்கினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது நாலுவழிச் சாலை கிடையாது, இரண்டு பக்கமும் புளியமரம். துவரங்குறிச்சியில் டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது. கொட்டாம்பட்டிக்குள் நுழைந்தது ஞாபகம் இல்லை. கண்டக்டர் பேய் பிடித்தவன் மாதிரி விடாமல் விசில் அடித்துக்கொண்டு பின்னாலிருந்து ஓடி வந்ததுதான் அடுத்த ஞாபகம். கண்ணைத் திறந்தால் லைட் வெளிச்சத்தில் புளியமரத்தின் வெள்ளை, கறுப்புப் பட்டை. கண் திறந்த அந்த நொடியில் நான் மிதித்தது பிரேக் இல்லை, ஆக்சிலேட்டர். கண்டக்டர் மேலே விழுந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். இடது பக்கக் கண்ணாடி மட்டும் போனது. ஐம்பது சொச்சம் பயணிகள். பாதிப் பேர் எழுந்திருக்கக்கூட இல்லை. கண்ணாடிக்கு மரக்கிளை என்று எழுதிக் கொடுத்தேன்.

தூங்கி எழுந்தவன் முழித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். கண் திறந்திருக்கும், புத்தி வந்திருக்காது. 2010-ல் மங்களூரில் துபாய் விமானம் ஓடுபாதை தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் செத்தார்களே, அதில் கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியது கறுப்புப் பெட்டியில் குறட்டையாகவே பதிவானது என்று விசாரணை அறிக்கை சொன்னது. எழுந்தவருக்குத் தெளிவு திரும்பவில்லை. அதைப் படித்த அன்று எனக்குக் கொட்டாம்பட்டிதான் கண்முன் வந்தது.

அதனால் நான் மாடியில் சொன்னது இதுதான். தூக்கத்தைச் சம்பளத்தோடு ஒரே தட்டில் வைக்காதே. வைத்தால் கம்பெனி விலை சொல்லும், அதைவிடக் கேவலம், நாமே விற்றுவிடுவோம். எனக்கு அன்றைக்கு ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கொடுத்திருந்தால் அடுத்த நாளும் ஏறியிருப்பேன். ரோஸ்டரை முதலில் பூட்டிவிட்டு, அப்புறம் சதவீதத்துக்குச் சண்டை போடு.

விருதுநகர்ப் பையன் விடவில்லை. "மாமா, 2009-ல பஃபலோ பக்கத்துல ஒரு சின்னக் கம்பெனி பிளேன் விழுந்துச்சு, 50 பேர். அந்த கோ-பைலட் பொண்ணு சியாட்டில்ல அப்பா அம்மா வீட்டுல இருந்து ராத்திரியெல்லாம் பிளேன் மாறி மாறி வந்து டூட்டி ஏறுச்சு. டூட்டி எடுக்குற ஊர்ல வீடு புடிக்கிற சம்பளமா அது வாங்குச்சு? சம்பளம் இல்லேன்னா தூக்கமும் இல்ல மாமா."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடிமட்டச் சம்பளத்துக்கு அவன் சொல்வது சரி. பத்தாயிரம் வாங்குகிறவனிடம் போய் ஓய்வைப் பற்றிப் பிரசங்கம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கேப்டனாகி, வீடு வாங்கி, இன்னும் இரண்டு சதவீதத்துக்காக லீவு நாளை விட்டுக்கொடுக்கிறவன் கதை வேறு. அந்த பஃபலோ விபத்துக்குப் பிறகு 2014-ல் அமெரிக்காவில் புது ஓய்வு விதி வந்தது, டூட்டிக்கு முன்னால் பத்து மணி நேரம் ஓய்வு என்று. சரக்கு விமானம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அது கிடையாது, செலவு கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார்கள். பெட்டிதானே, செத்தால் என்ன. ஓட்டுகிறவன் பெட்டியா?

அதுவரை கம்மென்று இருந்த என் மருமகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "எங்களுக்கு அந்த சர்வேயே கிடையாது மாமா." இங்கே பைலட் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டு வரைக்கும் போய்த்தான் ஓய்வு விதியை அமலுக்குக் கொண்டுவர முடிந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48. ராத்திரி டூட்டியில் ஆறு முறை இறங்கலாம் என்றிருந்தது இரண்டானது. 2024 ஜனவரியில் அறிவித்த விதி முழுசாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். அடுத்த மாசமே இண்டிகோவில் ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி நாடே அல்லோலகல்லோலப்பட்டது ஞாபகம் இருக்கும். உடனே என்ன நடந்தது? விதியைத்தான் தளர்த்தினார்கள். ஏர்போர்ட்டில் படுத்துக் கிடந்த ஜனங்கள் கம்பெனியைத் திட்டினார்கள், நியாயம். கூடவே "இந்த பைலட்டுகளுக்கு என்ன கொழுப்பு" என்று எழுதியவர்களில் என் நண்பர் பட்டியலில் இருக்கிற நாலு பேரும் உண்டு. உங்களைத்தான் சொல்கிறேன். ஆள் எடுக்காமல் வண்டியை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்று எந்தக் கிளையில் போய்க் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் வருகிற ஓய்வு கையெழுத்து போட்டவன் இருக்கிற வரைக்கும் நிற்கும். விதியில் மட்டும் இருக்கிற ஓய்வை ஒரு சாயங்காலத்தில் எடுத்துவிடலாம். இதை மருமகன்தான் சொன்னான், நான் திருடிக்கொள்கிறேன்.

மணி பதினொன்று தாண்டிவிட்டது. மச்சினன் எப்போதோ தூங்கிப் போயிருந்தான். விருதுநகர்ப் பையன் போனை எடுத்து ரோஸ்டர் என்கிற இடத்தில் 45 போட்டான். கொஞ்ச நேரம் பார்த்தான், அழித்துவிட்டு 50 போட்டான். சம்பளத்துக்கு 30. மிச்சத்தைப் பிரிப்பதற்குள் அவன் பொண்டாட்டி கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

மருமகனுக்கு மறுநாள் ராத்திரி டூட்டி. மாடியிலேயே படுத்துவிட்டான். காலையில் ஏழு மணிக்கு அக்கா, "ஊருக்குப் போறவங்க எல்லாம் சொல்லிட்டுப் போகணும்னு நிக்கிறாங்க, அவன எழுப்பு" என்றாள். நான் மாடிப்படிக் கதவைச் சாத்தி, முன்னால் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.